வாவிக்கரையில் எழுதப்பட்ட பட்டியல்கள்

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. வலையிறவுப் பாலம், பட்டிருப்புப் பாலம், மண்முனைத் துறை, அம்பிளாந்துறை, குருமண்வெளித் துறை என்று ஒருசில இடங்களில்தான் இரண்டு கரைகளும் ஒன்றையொன்று தொட்டன. போர் நடந்த காலத்தின் பெரும்பகுதியில் எழுவான்கரை அரசின் கையிலும் படுவான்கரை விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. அதனால் வயலுக்குப் போகிறவரும், வைத்தியசாலைக்கு வருகிறவரும், பட்டணத்துப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புகிறவரும் தாம் யார் என்பதை ஆயுதம் ஏந்திய ஒருவரிடம் நிறுவிய பிறகே வாவியைக் கடக்க முடிந்தது. இலங்கையில் தனியுரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் கணினியும் கைபேசியும் வந்த பிறகே தொடங்குகிறது. அந்த வரலாற்றை இந்தத் துறைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இன்றைய இணையச் சட்டங்களில் ஓடும் பழக்கங்கள் காகிதக் காலத்தில் உருவானவை. குடிமக்களின் உரிமையை அரித்த அந்தப் பழக்கங்கள், தருவதாகச் சொன்ன பாதுகாப்பையும் தரவில்லை. இதற்கான சான்று மட்டக்களப்பில் நிறையவே உண்டு.

முதற் பழக்கம் பட்டியல் எடுப்பது. அதன் வயது போரின் வயதைவிட மிக அதிகம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறும் அதிகாரத்தைப் பொலிஸுக்குக் கொடுத்தது. அண்மை ஆண்டுகளில் கொழும்பில் வீடுவீடாகப் படிவங்கள் கொடுக்கப்பட்டு எதிர்ப்பு எழுந்தபோது, பொலிஸ் தரப்பு சுட்டிக்காட்டியதும் நூற்றைம்பது ஆண்டு கடந்த இந்தப் பிரிவைத்தான். அடுத்து வந்தது 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம். அதன் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அந்த எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். போரை மனத்தில் வைத்து இதை யாரும் வகுக்கவில்லை. ஆனால் சோதனைச் சாவடியில் நின்றவருக்கு எதிரில் நிற்பவரின் வயதையும் பாலையும் அந்த எண்ணே சொல்லிவிட்டது. எந்த மக்கள், எந்த ஊர் என்பதைப் பெயரும் பிறந்த இடமும் சொல்லின. இருபது வயதுத் தமிழ் இளைஞனின் அட்டை அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவனைப் பற்றிப் பேசி முடித்துவிட்டது.

நல்ல நோக்கத்தோடு திரட்டிய தகவல் வேறொருவர் கையில் என்னவாகும் என்பதை இந்த நாடு 1983 யூலையிலேயே கண்டது. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்ததாகச் சாட்சியங்கள் பல உண்டு. வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட பெயர்கள் வீடுகளைக் கொளுத்தும் வழிகாட்டியாயின. இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. நெதர்லாந்தில் ஒழுங்காகப் பேணப்பட்ட மக்கள் பதிவேடுகள், நாஜிப் படைகள் நாட்டைப் பிடித்தபோது யூதர்களைத் தேடிப் பிடிக்க உதவின. 1943 மார்ச் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவகத்துக்குத் தீ வைத்த எதிர்ப்பு இயக்கத்தினர், பட்டியல் என்பது காத்திருக்கும் ஆயுதம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். தகவல் திரட்டும் சட்டத்தை அதைக் கொண்டுவந்தவரின் நல்லெண்ணத்தை வைத்து எடைபோடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பழக்கம், குற்றஞ்சாட்டுபவரை மறைத்துக் குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தனிமைப்படுத்துவது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்றது. காலனி ஆட்சி எழுதிய சட்டத்துக்கே அந்த எச்சரிக்கை இருந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாயிற்று. அது தானாகக் கொடுத்ததன்று என்று நிறுவும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் விழுந்தது. வழக்கின்றி 18 மாதம் வரை தடுத்துவைக்கவும் அது இடங்கொடுத்தது. குற்றத்தைப் பற்றித் தெரிந்தும் பொலிஸுக்குச் சொல்லாதிருப்பதும் குற்றம். தாற்காலிக ஏற்பாடு என்று தலைப்பிலேயே சொன்ன அந்தச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அயலவரைப் பற்றி மௌனமாக இருப்பதைக் குற்றமாக்கிய ஒரு சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறை முழுவதும் வளர்ந்தது என்றால், அந்தச் சமூகத்தில் நம்பிக்கை எந்த அளவுக்குச் சிதைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு பழக்கங்களும் ஒன்றாகக் கூடிய இடம் வந்தாறுமூலை. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமானது. செப்டம்பர் 5ஆம் தேதி இராணுவம் முகாமைச் சுற்றிவளைத்தது. ஆண்கள் வயதுவாரியாக வரிசைகளில் நிறுத்தப்பட்டு, முகமூடி அணிந்தவர்களின் முன்னால் நடத்தப்பட்டனர். சுற்றிவளைப்புகளில் இப்படி நிறுத்தப்படுபவர்களைத் தமிழர்கள் தலையாட்டி என்றார்கள். அன்று 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அதே மாதத்தில் அதே முகாமிலிருந்து மேலும் சிலர் கொண்டுபோகப்பட்டனர். 1994இல் அமைக்கப்பட்ட, நீதிபதி கே. பாலகிட்ணர் தலைமை தாங்கிய வடக்குக் கிழக்கு ஆணைக்குழு இதை விசாரித்தது. ஒருவன் தலையை அசைத்தால் இன்னொருவன் காணாமற்போவான். தலையசைத்தவன் யார், எதற்காக அசைத்தான், பகையா பயமா உண்மையா என்று கேட்க எவருக்கும் வழி இருக்கவில்லை. கண்காணிப்பின் கொடுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பிறர் நம்மைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது ஒரு பங்கு. அவர்கள் தெரிந்து வைத்திருப்பது சரியா என்று நாம் எதிர்த்துக் கேட்க முடியாமற் போவது அதைவிடப் பெரிய பங்கு.

குற்றமற்றவர் ஏன் அஞ்ச வேண்டும் என்பது எப்போதும் முதலில் வரும் மறுப்பு. மட்டக்களப்பின் வரலாறு இதற்கு நேரடியான விடை தருகிறது. இங்கே பட்டியல் வைத்திருந்தது அரசு மட்டுமல்ல. 2001க்குப் பின்னான ஆண்டுகளில் புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு ஆள் சேர்த்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகலில் மோதல் நடந்த பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களைப் புலிகள் மீண்டும் தேடி வந்தார்கள். 2006இல் கருணா தரப்பும் அதே கிராமங்களில் பிள்ளைகளைப் பிடித்தது. போர் முடிந்ததும் அதே வீடுகள் அரசின் பார்வையில் புலிக் குடும்பங்கள் ஆயின. வற்புறுத்திப் பறிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் பெயர், மூன்று தரப்பின் கணக்கில் மூன்று விதமாக நின்றது. அந்தத் தாய் செய்த குற்றம் என்ன? குற்றமும் குற்றமின்மையும் பட்டியலை வைத்திருப்பவர் மாறும்போது மாறிவிடுகின்றன. ஆகவே குற்றமற்றவர் அஞ்ச வேண்டியதில்லை என்பது ஆட்சி ஒருபோதும் மாறாத நாட்டில் மட்டும் பொருந்தக்கூடிய வாதம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பட்டியல் எழுதுவதே பாவம் என்பதன்று என் வாதம். 1990இல் மட்டக்களப்புச் சமாதானக் குழுவும், அதில் பணியாற்றிய இயேசு சபைக் குருவான ஹரி மில்லர் அடிகளாரும் காணாமற்போனவர்களின் பெயர்களை உறவினர் வாய்மொழியாகக் கேட்டு எழுதினார்கள். அவருடைய சக குரு இயூஜின் ஹேபேர்ட் அடிகளாரே அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். வந்தாறுமூலையில் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 158 பேர் என்று இன்று எண்ணிக்கையாகச் சொல்ல முடிவதற்கும் முகாமில் இருந்தவர்கள் பெயர்களைக் குறித்து வைத்ததே காரணம். இந்தப் பட்டியல்கள் அதிகாரத்தை நோக்கிக் கேள்வி கேட்டன. காணாமற்போனவர்களின் உறவினரது சம்மதத்தோடும் அவர்களின் நன்மைக்காகவும் எழுதப்பட்டன. சட்டம் ஒரு பதிவேட்டை ஏற்படுத்தும்போது அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தனியுரிமை மேல்நாட்டுச் சரக்கு, நம் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. மட்டக்களப்பில் இது ஓரளவு உண்மையும்கூட. குடிமுறை இங்கே தாய்வழியாக வருகிறது. தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் குடி உண்டு. கோயிலில் வண்ணக்கருக்கும் பள்ளிவாசலில் மரைக்காருக்கும் யார் எந்தக் குடி என்பது ஏடு பார்க்காமலே தெரியும். அந்த அறிவு சாதிப் படிநிலையையும் பெண்கள்மேல் கட்டுப்பாட்டையும் நிலைநிறுத்தியது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த அறிவு இருபக்கமும் ஓடியது. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி உனக்கும் தெரியும். தவறாகச் சொன்னவனை மறுநாள் திருவிழாவில் நேருக்கு நேர் கேட்கலாம். கொழும்பில் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும் குறிப்பை அப்படிக் கேட்க முடியாது. ஊரறிவை எடுத்துக்காட்டிக் கோப்பறிவை நியாயப்படுத்துவது அதனால் பொருந்தாது. அதற்கும் மேலாக, நம் அண்டை நாடான இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். இலங்கையின் 1978 அரசியலமைப்பிலோ தனியுரிமை அடிப்படை உரிமையாக வெளிப்படையாக எழுதப்படவில்லை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு பாதுகாப்புப் பற்றியது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்த ஏறக்குறைய 30 பேரில் பலர் சிறுவர்கள். அந்தப் பெற்றோரிடம் போய்த் தனியுரிமை பேச யாருக்கு மனம் வரும்? அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பைக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சியோன் தேவாலயத்தில் நடந்தது அரசிடம் தகவல் போதாமையால் நடந்ததா? உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடியைச் சேர்ந்தவர். 2017 மார்ச் மாதம் அலியார் சந்தியில் நடந்த மோதலுக்குப் பின் அவர் தலைமறைவானார். அவருக்கு எதிராகப் பொலிஸில் முறையிட்டவர்களும் வீதியில் இறங்கியவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே. 2019 ஏப்ரல் 4இல் இந்தியப் புலனாய்வு எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11இல் பொலிஸின் உட்சுற்றுக் கடிதமொன்று சஹ்ரானின் பெயரையே குறிப்பிட்டது. இத்தனையும் கையில் இருந்தும் தாக்குதல் தடுக்கப்படவில்லை. 2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படியும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு உயர் அதிகாரிகளையும் இழப்பீடு செலுத்தும்படியும் கட்டளையிட்டது. காரணம், தெரிந்திருந்தும் செயற்படாமை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு ஐந்து மாதம் முன்பு வாவியின் மேற்குக் கரையில் நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் மீது விழுந்தது. புலிகள் அமைப்பில் இருந்த ஒருவர் பிடிக்கப்பட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார். முன்னாள் போராளிகளைத் தேடத் தேவையிருக்கவில்லை. புனர்வாழ்வு பெற்றவர்கள் என்று ஊர், வீடு, உறவு எல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தவர்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகே, அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் குழு என்று விசாரணை கண்டது. தடுத்துவைக்கப்பட்டவர் 2019 மே மாதம் விடுவிக்கப்பட்டார். கையிலிருந்த பட்டியல் தேடலை எளிதாக்கியது, தேடலின் திசையை மட்டும் தவறாக்கியது. வவுணதீவை ஒழுங்காக விசாரித்திருந்தால் ஏப்ரல் 21 நடந்திராது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கொலையாளிகளுக்கு ஐந்து மாத அவகாசம் கிடைத்தது என்பது நடந்த உண்மை. தனியுரிமையும் பாதுகாப்பும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் தராசுத் தட்டுகள் என்று பேசுபவர்கள் வவுணதீவைப் படிக்க வேண்டும். அங்கே இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

இந்தப் பாடம் கற்கப்பட்டதா? 2020 நவம்பரில், மாவீரர் நாளையொட்டி முகநூலில் படங்களும் பதிவுகளும் இட்டதற்காக மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஊடகவியலாளர் உட்படப் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். 2021 மே 18இல் கிரான் பகுதிக் கடற்கரையில் இறந்தவர்களை நினைவுகூர்ந்த பத்துப் பேர் கைதாகி, டிசம்பர் வரை பிணையின்றி இருந்தார்கள். கண்ணீரையும் வெடிகுண்டையும் ஒரே சட்டத்தால் அளந்தது அரசு. தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நிறைவேற்ற வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமே, 2020 ஏப்ரலில் முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச அலுவலர் ஒருவரைச் சிறையில் வைக்கப் பயன்பட்டது. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில்தான் சொன்னது. சமூக வலைத்தளங்களை மொத்தமாக மூடுவதும் வழக்கமாயிற்று. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகனக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின்போதும் மூடினார்கள். முதலிரண்டில் உயிர்களைக் காக்க என்றார்கள். மூன்றாவதில் காக்கப்பட்டது ஆட்சியாளரின் நாற்காலி.

இணையத்துக்குச் சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. திகனவில் வெறுப்பைப் பரப்பியதில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. பெண்களின் படங்களை வைத்து மிரட்டுவதும் போலிக் கணக்குகளில் அவதூறு பரப்புவதும் நம் ஊர்களில் குடும்பங்களை உடைக்கின்றன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இவற்றில் ஒரு பகுதியையே தொட்டது. 2024 சனவரி 24இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஆதரித்தவர்கள் இந்தப் பெண்களைக் காட்டியே பேசினார்கள். ஆனால் அந்தச் சட்டம் பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்கும் பெரும் அதிகாரத்தைச் சனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 31 பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போனது. மிரட்டப்படும் பெண்ணுக்குத் தேவை, தன் மொழியில் முறைப்பாட்டை வாங்கும் பெண் பொலிஸ் அலுவலரும், கேட்ட விபரத்தை இரகசியமாகக் காக்கும் நடைமுறையும், விரைவான நீதவான் கட்டளையும். ஆட்சியை விமர்சிப்பவரைப் பிடிக்கும் அதிகாரத்தை அவள் பெயரால் கேட்பது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

வேகத்தை ஒப்பிட்டாலே சட்டம் இயற்றுபவரின் முன்னுரிமை விளங்கும். பேச்சைத் தண்டிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறி எட்டே நாளில், 2024 பெப்ரவரி 1இல், நடைமுறைக்கு வந்தது. குடிமகனின் தகவலைக் காக்க வேண்டிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் வரவிருந்து, அதுவும் பிற்போடப்பட்டது. அந்தச் சட்டத்திலும் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயரில் விலக்குகள் உண்டு. மட்டக்களப்பார் வாழ்வில் அரசின் பட்டியல்கள் பெரும்பாலும் அந்த இரண்டு பெயர்களில்தான் எழுதப்பட்டன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 18 மாதத் தடுப்பை 12 மாதமாக்கியதே தவிர, பொலிஸிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்கும் பிரிவைத் தொடவில்லை. பூட்டிய அறையில் கைபேசியின் கடவுச்சொல்லும் அதே வழியில் பெறப்படலாம் என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்த நிலையில்தான் இந்திய நிதியுதவியோடு எண்ணிம அடையாள அட்டைத் திட்டம் வருகிறது. கைரேகையும் முகமும் கருவிழிப் படலமும் ஒரே இடத்தில் சேரப்போகின்றன. பழைய அட்டையைத் தொலைத்தால் புதிதாக எடுக்கலாம், கைரேகையை மாற்ற முடியாது. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமையும், தவறைத் திருத்தும் உரிமையும், எந்த அலுவலர் எந்த நாளில் என் பதிவைத் திறந்தார் என்று அறியும் உரிமையும், படையினரோ பொலிஸோ திறப்பதாயின் நீதவானின் கட்டளை வேண்டும் என்ற கட்டுப்பாடும் சட்டத்தில் எழுதப்படாமல் அந்தத் திட்டத்துக்கு இணங்கக்கூடாது. கிராம சேவகரிடம் படிவம் வரும்போது கையொப்பம் இடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போயிருக்கும் உறுப்பினர்கள், தமிழரானாலும் முஸ்லிமானாலும், இந்தக் கேள்விகளைச் சபையில் ஒரே குரலில் எழுப்ப வேண்டும்.